விளக்கை எங்கே வைப்பது?

இரவு வேளையில் விளக்கெரியும் அறையில் நின்றுகொண்டு யன்னற் கண்ணாடி வழியே வெளியே நோக்குபவருக்கு முற்றமும் மரமும் புலப்படுவதில்லை. தம் முகமே எதிரே தோன்றும். ஒரு யன்னலளவில் இது சிறு விந்தை. வீட்டுச் சுவர் நான்கும் கண்ணாடியாகவே இருந்தால் என்ன செய்வது?

1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ கனான் என்னும் ஊரிலே பிலிப் ஜோன்சன் என்ற கட்டடக் கலைஞர் தமக்கென அத்தகைய வீடொன்றை எழுப்பினார். பகலில் சோலை நடுவே குடியிருக்கும் இன்பம். பொழுது சாய்ந்து விளக்கேற்றியதும் நாற்புறமும் கரிய கண்ணாடிகள். எங்கு திரும்பினும் தம் நிழலுருவே! திரைச்சீலையிட்டு மறைப்பதாயின் கண்ணாடி வீடு கட்டியதன் பயன்தான் யாது?

இச்சிக்கலைத் தீர்த்தவர் றிச்சார்ட் கெலி. அவர் வீட்டினுள்ளே ஒளியைக் குறைத்தார். வெளியே மரங்களின் மீது ஒளியைப் பாய்ச்சினார். எப்பக்கம் ஒளி மிகுந்துள்ளதோ அப்பக்கத்தையே கண்ணாடி நமக்குக் காட்டும் என்பதே அதன் இரகசியம். இரவிலும் சோலை வீட்டினுள் வந்தது. மின்குமிழ் கண்ணிற் படாது ஒளி மட்டும் கீழே விழும் நிலை விளக்கொன்றையும் ஜோன்சனும் அவரும் சேர்ந்து உருவாக்கினர்.

1910இல் ஒகையோ மாநிலத்திற் பிறந்த கெலி, 1935இல் நியூயோர்க்கிலே தொழிலைத் தொடங்கியபோது ஒளியமைப்புக்கு ஆலோசனை கூறுவது ஒரு தொழிலென எவரும் கருதவில்லை. விளக்கை விலை கொடுத்து வாங்கியவர்கள், அதனை எங்கே வைப்பது என்ற அறிவுக்கு ஒரு காசு கொடுக்கவும் ஆயத்தமாயில்லை. ஆகவே அவர் விளக்குகளைச் செய்து விற்றே பிழைக்க வேண்டியதாயிற்று. தொழில் தொடங்கிய பின்னரும் யேல் பல்கலைக்கழகஞ் சென்று கட்டடக்கலை பயின்று, 1944இல், முப்பத்துநான்காம் வயதிற் பட்டம் பெற்றார். மாணவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

அதே யேலில் நாடக ஒளியமைப்பைக் கற்பித்து வந்தவர் ஸ்டான்லி மக்கண்ட்லெஸ். கட்டடக்கலை பயின்று நாடகத்துக்கு வந்தவர் அவர். நடிகரின் முகத்துக்கு நேரே ஒளி பாய்ச்சினால் முகம் தட்டையாகிவிடும். இரு பக்கமும் சாய்வாக, ஒன்று வெம்மை நிறத்திலும் மற்றது குளிர் நிறத்திலும் விழுந்தால் மூக்கும் கன்னமும் உருப்பெறும் என்பது 1932இல் வெளிவந்த அவரது நூலின் முறை. பார்ப்பவர் கண் எங்கே செல்லவேண்டும் என்பதே மேடையில் முதற் கேள்வி. அக்கேள்வியைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தமையே கெலியின் பெருஞ் செயல் என்பேன்.

1952இல் எழுதிய கட்டுரையொன்றிலே அவர் ஒளியை மூவகையாகப் பிரித்தார். ஒரு பொருளின் மீது கண்ணை நிறுத்துவது ஒன்று. எங்கும் நிழலின்றிப் பரவி நிற்பது மற்றொன்று. மினுங்கி மனத்துக்குக் கிளர்ச்சி தருவது மூன்றாவது. மேசை விளக்கின் கீழ் விரித்த பாடப்புத்தகம், மூடுபனிக் காலை, நீரலையில் வெயில் என மூன்றையும் நாம் அறிவோம். அறிந்து அளவாகக் கலப்பதுதான் அரிது.

நியூயோர்க்கில் 1958இல் முடிவுற்ற சீகிராம் கட்டடம் முப்பத்தெட்டு மாடி கொண்டது. மாடிதோறும் கண்ணாடிச் சுவரையொட்டிய கூரைப்பகுதியை அவர் ஒளிரும் பலகைகளாக்கினார். இருட்டியதும் கட்டடம் முழுவதும் ஒரே ஒளித்தூணாக நின்றது. பகலில் வெண்கல நிறத்தில் இறுகி நிற்கும் அதற்கு இரவில் வேறோர் உருவம்.

பின்னர் கணனி வந்தது. 1975இல் நியூயோர்க்கின் பிராட்வே மேடையிலே, யேலிற் பயின்ற தாரன் மஸர் என்ற அம்மையார், 'ஏ கோரஸ் லைன்' நாடகத்தின் ஒளிமாற்றங்களை நினைவிற் கொள்ளும் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். இன்று கட்டடத்தின் முகப்பு முழுவதையுமே ஓடும் படமாக்கிவிடலாம். அவற்றுட் பலவற்றில் மூன்றாம் வகையாகிய மினுக்கம் மட்டுமே மிஞ்சி நிற்கிறது. கண் தங்குவதற்கோ இடமில்லை.

கெலி 1977இற் காலமானார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1972இல், டெக்சஸ் மாநிலத்தில் லூயி கான் கட்டிய கிம்பெல் கலைக்கூடம் திறக்கப்பட்டது. ஓவியங்களுக்கு வெயில் பகை; கானுக்கோ இயற்கை ஒளியே வேண்டும். வில்வளைவான கூரையின் உச்சியில் நீண்ட பிளவொன்றை விட்டார் கான். அதன் கீழே, நுண்டுளையிட்ட அலுமினியத் தகடுகளைச் சிறகுபோல் வளைத்துத் தொங்கவிட்டார் கெலி. வெயில் தகட்டிற் பட்டுத் திரும்பிக் கூரையின் உட்புறத்தில் தவழ்ந்து, வெள்ளி நிறமாய் ஓவியங்கள் மீது இறங்குகிறது. வெளியே முகில் கடந்தால் உள்ளேயும் ஒளி சற்றே மங்கி, மீண்டும் தெளிகிறது.