தேய்ந்த வாத்தியமும் திருத்தும் கையும்

இலண்டனிலுள்ள பொன்ஹாம்ஸ் ஏல நிலையத்திலே 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் ஒரு மின்கித்தார் 889,400 பவுணுக்கு விலைபோயிற்று. அதன் மேனியிற் பூசப்பட்டிருந்த வர்ணத்திற் பெரும்பகுதி உரிந்துபோய் உள்ளிருக்கும் மரம் வெளியே தெரிகின்றது. சுருதி கூட்டும் முறுக்காணிகள் ஆறில் ஐந்து ஓரினம், ஆறாவது வேறினம். வீட்டு நாற்காலியொன்று இந்நிலைக்கு வந்திருந்தால் நம்மிற் பலர் அதனை விறகுக்கு ஒதுக்கியிருப்போம். விலையைக் கேட்டு வியப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த வாத்தியம் தேய்ந்தது எவ்வாறு, திருத்தப்பட்டது எவ்வாறு என்பதே கருதத்தக்கது. பழைய பொருளொன்றை மதிப்பதென்றால் அதனைத் தொடாது வைத்திருப்பதா, தொட்டுத் திருத்திப் பயன்படுத்துவதா என்னும் கேள்விக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இலக்கியப் பகுதியிலே கித்தாருக்கு என்ன வேலை என்று பண்டிதர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஏட்டுச் சுவடிகளிற் பாடபேதம் பார்த்துப் பழகிய அவர்களுக்கே இக்கேள்வியின் சுவை முதலிற் புலப்படும் என நம்புகிறேன்.

அக்கித்தார் 1961ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டின் பெண்டர் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் வகையினது. அயர்லாந்தின் றோயல் ஷோபாண்ட் குழுவைச் சேர்ந்த கலைஞர் ஒருவர் சிவப்பு நிறக் கித்தார் வேண்டுமெனக் கேட்டிருக்க, வந்துசேர்ந்ததோ மஞ்சளும் கபிலமும் கலந்த நிறத்தது. கேட்ட சிவப்பு வந்துசேரும்வரை அதனை வாசித்த அவர், பின்னர் அதனைக் கைவிட்டார். கோர்க் நகரத்து இசைக்கருவிக் கடையொன்றிலே பாவித்த சாமானாக அது விற்பனைக்கு வந்தது. 1963இல், 15 வயது நிரம்பியிருந்த றோறி கலகர், ஏறத்தாழ 100 பவுண் விலையைத் தவணை முறையிற் செலுத்துவதாக ஒப்பி அதனை வாங்கினார். அக்காலத்தில் அது ஒரு பள்ளிப் பையனுக்கு எட்டாத தொகை. அன்றிலிருந்து 1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மறையும்வரை அவருடைய தலையாய வாத்தியம் அதுவே. ஒருமுறை டப்ளின் நகரிலே திருடப்பட்டு, மழையில் நனைந்தபடி ஒரு பள்ளத்திற் கிடந்து மீண்டதும் உண்டு. ஆயினும் வர்ணத்தை உரித்தது அந்த மழையினும் பார்க்க, இரவுக்கிரவு மேடையில் அவர் சிந்திய வியர்வையே.

இனி, அவர் அதிற் செய்த மாற்றங்களைக் கேளுங்கள். வீணையிலே மெட்டு என்கிறோமே, கித்தாரின் கழுத்திலும் அத்தகைய உலோக மெட்டுகள் உண்டு. கம்பித் தந்தி உரசி உரசி அவை பள்ளம் விழும். அவர் கித்தாரின் மெட்டுகள் பன்முறை கழற்றப்பட்டுப் புதியன பதிக்கப்பட்டன. முறுக்காணிகள் மாறின. தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பிக்கப்புகள் பழுதுபட, வேறு பொருத்தப்பட்டன. தொனியை மாற்றும் குமிழ்களின் இணைப்பும் அவர் கைக்கேற்ப மாறியது. கழுத்துக்கூட ஈரமேறி வளைந்தமையால் ஒருகாலம் கழற்றி வைக்கப்பட்டு, வேறொரு கழுத்தோடு அவ்வுடல் மேடையேறியது. பின்னர் பழைய கழுத்து மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. இத்தனையும் மாறியபின் 1961இல் வந்த கித்தார் இதுதானா என்று தருக்கம் பேசலாம். கோயிற்றேரின் சில்லையும் அச்சையும் தச்சன் மாற்றிய பின்னரும் அது நம் ஊர்த் தேரே என்று வடம் பிடிக்கின்ற நமக்கு இது பெரிய சிக்கலாகத் தோன்றவேண்டியதில்லை.

இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. மாற்றத்துக்கு இடங்கொடுக்கும் வகையிலேயே அந்த வாத்தியம் முதலில் அமைக்கப்பட்டிருந்தது. அதனை ஆக்கிய லியோ பெண்டர் கித்தார் வாசிக்கத் தெரியாதவர். கலிபோர்ணியாவிலே வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்தவர். பழுதுபார்ப்பவனின் கண்ணோடு அவர் வாத்தியத்தைப் பார்த்தார். பழைய முறைக் கித்தாரிலே கழுத்தும் உடலும் வச்சிரப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கழுத்து வளைந்தால் கைதேர்ந்த தச்சனைத் தேடிப் போகவேண்டும். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலோ கழுத்தை உடலோடு இணைப்பவை நான்கு திருகாணிகள் மாத்திரமே. மின்பாகங்களிற் பெரும்பாலானவை முகப்பிலுள்ள ஒரு தகட்டின் அடியிலே தொங்குகின்றன. தகட்டைக் கழற்றினால் முழுக் குடலும் கையில் வரும். இவ்வமைப்பைக் கண்டபின்னும் திறக்காதே, தொடாதே என்று சொல்வது, செய்தவனின் கருத்துக்கே மாறானது.

பாவிப்பவன் செய்த மாற்றத்தைத் தொழிற்சாலையே பின்னர் ஏற்றுக்கொண்ட கதையும் உண்டு. அக்கித்தாரில் மூன்று பிக்கப்புகள். ஒரு நேரத்தில் ஒன்றைத் தெரிவதற்கு மூன்று நிலைகளுள்ள ஆளி. வாசித்தவர்களோ ஆளியை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகள் ஒருங்கே இயங்கி, மூக்கொலி போன்ற ஒரு தனிநாதம் பிறப்பதைக் கண்டுகொண்டனர். தீக்குச்சியைச் செருகியேனும் ஆளியை அந்நடுவில் நிறுத்தினர். 1977 அளவில் பெண்டர் கம்பனி தானே ஐந்து நிலை ஆளியைப் பொருத்தத் தொடங்கியது. இன்று அந்த நடுநிலை நாதத்தையே ஸ்ட்ராட்டோகாஸ்டரின் இயல்பான குரலென்று பலர் நினைக்கின்றனர்.

இக்காலத்தில் பழைய கித்தார்களைச் சூழ்ந்து இரண்டு கூட்டத்தார் நிற்கின்றனர். ஒரு சாரார் சேகரிப்போர். ஆணி ஒன்றுகூட மாறியிருக்கக் கூடாது. ஈயப்பற்றும் முதல்நாள் வைத்ததாகவே இருத்தல் வேண்டும். வர்ணம் புதிதாகப் பூசப்பட்டிருந்தால் விலை சரிந்துவிடும். இவர்களுடைய அளவுகோலுக்கு, வாசிக்கப்படாமற் பெட்டிக்குள்ளே கிடந்த கித்தாரே உத்தமம். ஆவணம் என்ற வகையில் அத்தகைய சிலவும் பேணப்படவேண்டியவையே. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அளவுகோலை எல்லா வாத்தியத்துக்கும் விதியாக்கினால் வாசிப்பவன் கையே வாத்தியத்துக்கு எதிரி என்று ஆகிவிடும்.

மற்றச் சாராரைப் பார்த்தால் சிரிப்பு வருகின்றது. 1995இல் பெண்டர் கம்பனியின் விசேட பட்டறை, புதிய கித்தாரைப் பழையதுபோலத் தேய்த்து விற்கும் தொழிலை ஆரம்பித்தது. வர்ணத்தைச் சுரண்டுகிறார்கள், உலோகத்திலே துருவேற்றுகிறார்கள், முழங்கை படும் இடத்திலே மரம் தெரிய உரசுகிறார்கள். கலகரின் கித்தாருக்கும் அப்படியொரு பிரதி செய்து விற்றனர்; அந்த ஒற்றை முறுக்காணி வேறினமாக இருப்பதையும் விடாது பின்பற்றினர். கைக்குக் கிடைத்ததை வைத்துப் பூர்த்திசெய்த ஒரு குறை, அங்கே கூலிக்கு ஆள்வைத்துச் செய்யும் அலங்காரமாயிற்று. வாங்குபவர்க்கு அது பிடித்திருந்தால் நமக்கென்ன என்று விட்டுவிடலாம். எனினும் தேய்வு என்பது உழைப்பின் தடம் என்ற எண்ணம் மனத்தில் இருப்பதனாலேதான் அந்தப் போலிக்கும் விலையிருக்கின்றது என்பதைக் குறித்துக்கொள்க.

திருத்தலாம் என்று சொல்லும்போது எதையும் செய்யலாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளக்கூடாது. கிப்சன் கம்பனியில் வேலைபார்த்த சேத் லவர் 1955இல் இரண்டு கம்பிச்சுருள்களை எதிரெதிராக இணைத்து, மின்னிரைச்சலைத் தணிக்கும் பிக்கப்பை உருவாக்கினார். அதன் தடித்த நாதத்தை விரும்பியோர், ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கென அமைந்த பழைய கித்தார்களின் உடலை உளிகொண்டும் இயந்திரங்கொண்டும் குடைந்து அதனைப் பொருத்தினர். கம்பியை வெட்டினால் மீண்டும் ஒட்டலாம். பிக்கப்பைக் கழற்றினால் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்து பின்னொருநாள் பூட்டலாம். குடைந்தெடுத்த மரத்தை மீளவைக்க இயலாது. எட்வேட் வான் ஹேலன் இந்தக் குடைதலையே செய்தார். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது 50 டொலருக்கு வாங்கிய, தரத்திற் குறைந்த ஓர் உடலும் 80 டொலர்க் கழுத்தும். பழைய கிப்சன் கித்தாரிலிருந்து கழற்றிய பிக்கப்பை அதிலே பதித்து, சைக்கிளுக்குப் பூசும் வர்ணத்தைத் தாமே பூசி, 1978இல் வெளியான தம் குழுவின் முதல் இசைத்தட்டிலே உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தார். எந்த மரத்திற் கைவைக்கலாம், எதில் வைக்கலாகாது என்ற தெரிவு அவரிடம் இருந்தது.

நமது இசை மரபுக்கும் இது புதிதன்று. வயலினை நாம் மேனாட்டிலிருந்து பெற்று, தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலிலே சாய்த்து, நமது சுருதிக்குத் தந்திகளைக் கூட்டி நமதாக்கிக்கொண்டோம். அண்மைக் காலத்திலே 2014இல் மறைந்த யு. சிறீநிவாஸ், நான்கு இரட்டைத் தந்திகளையுடைய மண்டலினை அப்படியே ஏற்காது, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மண்டலினாக்கி வாசித்தார். இரட்டைத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம். ஒற்றைத் தந்தியும் மின்னொலியும் சேர்ந்தபோது நீண்ட கார்வைக்கும் இடம் பிறந்தது. மண்டலினைத் திருத்தியிராவிட்டால் கச்சேரி மேடைக்கு அவ்வாத்தியம் வந்திருக்குமா என்பது ஐயமே.

இவ்வளவையும் நான் எழுதுவது பாவித்த கித்தாரொன்றை வாங்கி வந்து, அதனைத் திறந்து மேசைமேற் பரப்பிவைத்திருக்கும் மாணவனையும், அவனைக் கண்டு கோபிக்கும் தகப்பனாரையும் மனத்திற் கொண்டே. காசுக்குக் கேடு, படிப்புக்கும் கேடு என்று அவர் கருதுகிறார். எட்டாயிரம் அளவிற் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பி, அதன் நடுவே ஆறு காந்தங்கள், மேலே அதிரும் உருக்குத் தந்தி, அதனாற் காந்தப்புலம் அசைந்து கம்பியிலே பிறக்கும் மின்னோட்டம்: பாடநூலிலே பரடேயின் விதி என்று மனனஞ் செய்ததை அவன் விரலாலே தொட்டுப் பார்க்கின்றான். புத்தம் புதிய கித்தாரைத் திறக்க அவனுக்கு மனம் வராது. கடைக்காரனின் உத்தரவாதமும் தடுக்கும். நூறு கீறல் விழுந்த ஒன்றிலே நூற்றோராவது கீறலுக்கு அஞ்சவேண்டியதில்லை. ஏழை மாணவனுக்கு இந்த அச்சமின்மை பெரிய வரம்.

அவன் அறியவேண்டியவை சில உண்டு. வாங்குமுன் கழுத்தின் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து முறுக்கம் உண்டா என்று பார்க்கவேண்டும். நீளவாட்டு வளைவை உள்ளிருக்கும் இரும்புக் கோலைத் திருகிச் சரிசெய்யலாம், முறுக்கத்தைச் சரிசெய்வது கடினம். ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் மீட்டி, நாதம் இரைகின்ற இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அது பெரும்பாலும் தூசியே. அதற்காகக் கித்தாரைக் கைவிடவேண்டாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். கித்தாரினுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் இல்லை. ஆனால் அதனை இணைக்கும் பழைய வால்வு ஒலிபெருக்கிப் பெட்டி அப்படிப்பட்டதன்று. மின்செருகியைக் கழற்றிய பின்னரும் அதன் உள்ளே கொல்லக்கூடிய மின்னேற்றம் தங்கியிருக்கும். அதைத் தொழில் தெரிந்தவரே திறக்கவேண்டும். தகப்பனார் கோபிப்பதாயின் இந்த ஓர் இடத்திற் கோபிக்கலாம்.

கலகரின் கித்தார் அயர்லாந்தின் தேசிய நூதனசாலைக்கு வழங்குவதற்கென்றே ஏலத்தில் வாங்கப்பட்டது. தனியொருவர் பெட்டகத்துள் மறையாமற் பொதுமக்களுக்கு உரியதானதில் மகிழ்ச்சியே. நூதனசாலையார் அதனைக் கண்ணாடிப் பேழையில் நிறுத்தும்போது முகப்பை மாத்திரம் காட்டுவதோடு அமையலாகாது என்பது என் விண்ணப்பம். அந்த முகப்புத் தகட்டின் அடிப்புறத்தை, பிற்காலத்தில் இட்ட ஈயப்பற்றுகளோடும் மாற்றிய கம்பிகளோடும், பெரிய படமாக எடுத்துப் பக்கத்திலே வைக்கவேண்டும். மெட்டு மாற்றியவர், பிக்கப் மாற்றியவர் யாரென்று தெரிந்தால் அவர்கள் பெயரையும் எழுதவேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக வரும் பிள்ளைகள் உரிந்த வர்ணத்தைப் பார்த்துவிட்டு அந்தப் படத்தின் முன்னும் சற்று நேரம் நிற்கட்டும்.