71 காசு மிச்சம் பிடிக்க வீட்டுக் கதவைத் திறந்து போடுவதா?

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் கிடையாது. வீட்டு வைஃபைக்கு ரூட்டர் வாங்க அங்கே வருகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

"அண்ணே, இருக்கிறதிலேயே கம்மி விலை எது?"

அடுத்த கேள்வி: "ரெண்டு ரூம் தாண்டி சிக்னல் வருமா?"

இதோடு பேரம் முடிந்துவிடுகிறது. "இது பத்திரமானதா? கோளாறு கண்டுபிடித்தால் கம்பெனிக்காரன் எத்தனை வருடம் சரிசெய்து கொடுப்பான்?" என்று கேட்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தாலே அதிசயம்.

இதே மக்கள்தான் திண்டுக்கல் பூட்டு வாங்கப் போனால் நாலு தடவை இழுத்துப் பார்க்கிறார்கள். எத்தனை லீவர் என்று விசாரிக்கிறார்கள். வாசல் கதவுக்கு அவ்வளவு ஜாக்கிரதை! ஆனால் வீட்டுக்குள் இருக்கும் போன், லேப்டாப், டி.வி., கேமரா அத்தனைக்கும் வாசல் கதவு அந்தச் சின்ன ரூட்டர் பெட்டிதான். அதற்கு மட்டும் எதையாவது ஒன்றை மாட்டினால் போதும் என்ற நினைப்பு.

யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை இது!

வாசலில் போலீஸ்!

"நம்ம வீட்டில் என்ன இருக்கிறது, திருடன் வந்து எடுத்துப் போக?" என்று சிலர் கேட்கலாம். திருட்டு ஒன்றுதான் ஆபத்து என்று நினைப்பது தப்பு.

2008 ஜூலை 26. ஆமதாபாத் நகரில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 56 பேர் பலியானார்கள். குண்டு வெடிக்கச் சில நிமிடங்களுக்கு முன்பு டி.வி. நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் துப்புத் துலக்கினார்கள். நவி மும்பையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் போய் நின்றார்கள்.

அந்த வீட்டில் குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். குண்டு வெடிப்புக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அவருடைய வைஃபைக்குச் சரியான பூட்டு இல்லை. வெளியே இருந்த ஆசாமிகள் அதில் புகுந்து மெயிலை அனுப்பிவிட்டார்கள். ஆனால் மாட்டிக்கொண்டது அவர்தான். கம்ப்யூட்டர்களைப் போலீசார் எடுத்துப் போனார்கள். விசாரணைக்கு மேல் விசாரணை. உண்மை அறியும் சோதனை வரை போயிற்று!

அதே ஆண்டில் அதே கும்பல் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையையும், ஒரு கம்பெனியின் வைஃபையையும் இதே மாதிரி பயன்படுத்தியது. 2009 ஜனவரியில் மும்பை போலீசார் தெருத் தெருவாகப் போய், பூட்டில்லாத வைஃபையைக் கண்டுபிடித்து எச்சரிக்கப் போவதாக அறிவித்தார்கள்.

தப்பு செய்தவன் ஒருவன். போலீசுக்குப் பதில் சொல்கிறவன் இன்னொருவன். ஒரு கிளார்க்குக்கோ, மளிகைக்கடைக்காரருக்கோ இந்தக் கதி வந்தால் என்ன ஆகும்? ஸ்டேஷனுக்கு நடக்கும் ஒரு வார அலைச்சலுக்கே நாலு ரூட்டர் வாங்கிவிடலாம். அக்கம்பக்கத்தில் போன மானத்தை எந்தக் கடையில் வாங்குவது?

'அட்மின்' என்ற கள்ளச்சாவி

ரூட்டரில் இரண்டு சாவி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

ஒன்று, வைஃபை பாஸ்வேர்டு. விருந்தாளி வந்தால் கேட்பாரே, அது. இன்னொன்று, ரூட்டரின் உள் அமைப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு. முதல் சாவி வாசல் கேட் சாவி என்றால், இரண்டாவது பீரோ சாவி. மலிவு ரூட்டர்கள் பலவற்றில் இந்த இரண்டாவது சாவி கம்பெனியில் இருந்து வரும்போதே 'அட்மின்' என்று இருக்கும். ஒரே மாடல் ரூட்டர் லட்சம் விற்றால் லட்சம் வீட்டுக்கும் ஒரே சாவி!

திருடர்களுக்கு இது தெரியாதா என்ன? 2016-ல் 'மிராய்' என்ற கள்ள புரோகிராம் உலகத்தையே கலக்கியது. அது பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த 60-க்கு மேற்பட்ட யூசர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது. திறந்த கதவில் எல்லாம் புகுந்தது. ரூட்டர், கேமரா என்று லட்சக்கணக்கான பெட்டிகள் அதன் கைக்குள் போயின. அந்த ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அந்தப் படையை ஏவித்தான் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களையே மணிக்கணக்கில் முடக்கினார்கள். அடுத்த மாதம் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரூட்டர்கள் படுத்துவிட்டன.

அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2017 ஜூலையில் பக்கத்துக் கர்நாடகத்திலேயே இது நடந்தது. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் சுமார் 60 ஆயிரம் மோடம்களை ஒரு கள்ள புரோகிராம் தாக்கியது. அடிபட்டவை எல்லாம் 'அட்மின்-அட்மின்' என்ற பழைய சாவியை மாற்றாத மோடம்கள். "உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

விலாசம் மாறாட்டம்

ரூட்டரைப் பிடித்த கில்லாடி என்ன செய்வான்?

பாங்கி ஆப்கள் தகவலைப் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகின்றன. ஆகவே ரூட்டர் போனால் அன்றே பாங்கிப் பணமும் போய்விடும் என்று யாரும் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் கில்லாடிக்கு வேறு வழி இருக்கிறது. இன்டர்நெட்டில் ஒரு பெயரைத் தட்டினால் அதன் விலாசத்தை எங்கே கேட்பது என்று ரூட்டர்தான் வழி காட்டுகிறது. அந்த வழியை மாற்றிவிட்டால் போதும். பாங்கி பெயரைத் தட்டினால் பாங்கி மாதிரியே போட்ட போலிக் கடைக்குப் போய் நிற்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் இருக்கிறவர் அதைப் படிக்காமல் 'சரி' என்று அமுக்கிவிட்டால் கதை முடிந்தது.

பிரேசில் நாட்டில் 2011, 2012-ம் ஆண்டுகளில் இந்தக் கைவரிசை பெரிய அளவில் நடந்தது. சுமார் 45 லட்சம் மோடம்கள் இப்படி வழி மாற்றப்பட்டன.

இன்னொரு வியாபாரமும் உண்டு. பிடித்த ரூட்டர்களைத் திருடர்கள் வாடகைக்கு விடுகிறார்கள்! வாடகைக்கு எடுத்தவன் எங்கோ உட்கார்ந்து மோசடி செய்வான். விலாசம் மட்டும் ரூட்டர் சொந்தக்காரருடையதாகத் தெரியும். அமெரிக்க எப்.பி.ஐ. 2025 மே மாதத்தில் இப்படி வாடகைக்கு விட்ட இரண்டு தளங்களைக் கைப்பற்றியது. அதில் மாட்டியவை எல்லாம் கம்பெனி கைவிட்ட பழைய ரூட்டர்கள். "அப்டேட் நின்று போன ரூட்டரை மாற்றிவிடுங்கள்" என்று மக்களை எச்சரித்தது.

விலை கூடினால் பத்திரமா?

அப்படியானால் விலை கூடின ரூட்டர்தான் பத்திரமா? அதுவும் இல்லை!

ஆறு ஆன்டெனா, எட்டு ஆன்டெனா என்று சிலந்தி மாதிரி நிற்கும் ரூட்டருக்கு ஐயாயிரம், பத்தாயிரம் என்று கொடுக்கிறார்கள். அது வேகத்துக்கும் தூரத்துக்கும் கொடுக்கிற காசு. ஆன்டெனா திருடனைத் தடுக்காது. 2018 மே மாதத்தில் 54 நாடுகளில் 5 லட்சம் ரூட்டர்களில் ஒரு கள்ள புரோகிராம் புகுந்தது தெரிந்தது. பெயர் பெற்ற கம்பெனிகளின் ரூட்டர்களும் அதில் அடக்கம். பத்தாயிரம் ரூபாய் ரூட்டராக இருந்தாலும் பழைய பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்தால் அதுவும் திறந்த வீடுதான்.

பார்க்க வேண்டியது விலையை அல்ல, ஆயுளை. எந்த ரூட்டரிலும் நாளாவட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். கம்பெனி அதை அடைத்து 'அப்டேட்' அனுப்ப வேண்டும். அப்டேட் நின்ற நாளில் இருந்து ரூட்டர் லைட் எரியும், நெட்டும் வரும். ஆனால் காவல் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 ரூபாய்க்கு ஒரு ரூட்டர். கம்பெனி பெயரைத் தேடினால் அப்டேட் பக்கமே கிடையாது. 2,500 ரூபாய்க்கு இன்னொன்று. ஐந்து வருடம் அப்டேட் வரும் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கிறது. வித்தியாசம் 1,300 ரூபாய். ஐந்து வருடம் என்றால் 1,825 நாள். நாள் ஒன்றுக்கு 71 காசு!

மாதக் கடைசியில் 1,300 ரூபாய் என்பது சாதாரணத் தொகை இல்லை. ஸ்கூல் பீஸ், காஸ் சிலிண்டர் என்று வரிசையாக நிற்கும். ஆனால் நாள் கணக்கில் பார்த்தால் ஒரு டீக்கே அது காணாது. அதையும் புரட்ட முடியாதவர்கள் விலை குறைந்ததையே வாங்கட்டும். தப்பில்லை. அப்டேட் கொடுக்கும் கம்பெனியாகப் பார்த்து, வேகம் குறைந்த மாடலை வாங்கட்டும். குறைக்க வேண்டியது வேகத்தை. காவலை அல்ல!

காசில்லாமல் செய்யக்கூடியது

புதுசு வாங்காதவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும். ஒரு பைசா செலவில்லை.

'அட்மின்' பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். வைஃபை பாஸ்வேர்டும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது.

கனெக்ஷன் கொடுக்க வந்த பையன் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டு என்ன என்று பார்க்க வேண்டும். பாதி வீடுகளில் அது வீட்டுக்காரரின் போன் நம்பர். இல்லாவிட்டால் ஒன்றில் இருந்து எட்டு வரை! தெருப்பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பூட்டு வகையில் 'டபிள்யூ.பி.ஏ.-3' இருந்தால் அதை வைக்கலாம். இல்லாவிட்டால் 'டபிள்யூ.பி.ஏ.-2' போதும். 'டபிள்யூ.இ.பி.' மட்டுமே உள்ள ரூட்டர் காயலான் கடைக்குப் போக வேண்டியது.

அப்டேட் தானாக ஏறும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். பட்டனை அமுக்கினால் இணையும் 'டபிள்யூ.பி.எஸ்.' வசதியையும், வெளியில் இருந்து ரூட்டரைத் திறக்கும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லாப்பெட்டிக் கம்ப்யூட்டரும் கேமராவும் ஓடும் அதே வைஃபையை வாடிக்கையாளருக்குக் கொடுப்பது கல்லாவுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பது மாதிரி. பல ரூட்டர்களில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி உண்டு. அதைக் கொடுக்கலாம்.

பழைய ரூட்டரை விற்கிறவர்கள் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை வைத்து அமுக்கி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பழசு வாங்குகிறவரும் முதல் வேலையாக அதையே செய்ய வேண்டும்.

எல்லாம் மீறிப் பணம் பறிபோனால் தாமதிக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

பெட்டி மேல் ஒரு வரி!

எல்லாப் பாரத்தையும் வாங்குகிறவர் தலையில் ஏற்றுவது நியாயமா? கூடாது.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் விலை இருக்கிறது, தயாரித்த தேதி இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்பதும் இருக்கிறது. ரூட்டர் பெட்டியில் விலை உண்டு, தயாரித்த மாதம் உண்டு. எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்ற வரியைத் தேடினால் பெரும்பாலான பெட்டிகளில் காணோம். பிஸ்கட்டுக்குச் சொல்லும் ஆயுளை வீட்டுக் காவலுக்குச் சொல்லக் கூடாதா?

பிரிட்டனில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி, எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது. எத்தனை காலம் அப்டேட் வரும் என்று கம்பெனி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மீறினால் ஒரு கோடி பவுண்டு வரை, அல்லது உலக விற்பனையில் 4 சதவீதம் வரை அபராதம்.

மத்திய அரசு அந்த ஒரு வரியை இங்கேயும் கட்டாயமாக்க வேண்டும். தமிழில், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி அச்சிட வேண்டும். கனெக்ஷனோடு 'ஓசி' ரூட்டர் கொடுக்கும் கம்பெனிகளும் தப்ப முடியாது. மாதா மாதம் வாடகை வாங்குகிறவர்கள் அவர்கள். அப்டேட் ஏற்றுவதும், காலாவதியானதை மாற்றிக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு.

சட்டம் வரும்வரை மக்கள் கையில் இருப்பது ஒரு கேள்வி. "அண்ணே, இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்?" பத்துப் பேர் இதைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லத் தெரியாத கடையில் இருந்து வெறுங்கையோடு திரும்பட்டும். பதினோராவது ஆள் வருவதற்குள் கடைக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்து வைத்திருப்பார்!