கேபிளில் வராத கடிதங்கள்

அப்பாவின் லாப்டாப் 2010இல் வாங்கியது. அவர் போன பிறகும் மேஜையை விட்டு நகராமல் இருந்தது. போன மாதம் அதன் மூடியின் கீல் உடைந்தது. திரையை நிமிர்த்த ஒரு தலையணை தேவைப்பட்டது. யுஎஸ்பி துளைகள் இரண்டும் தளர்ந்துபோய், மூச்சு விட்டாலே இணைப்பு அறுந்தது. புதியது ஒன்று வாங்கி, இதிலிருப்பதை அதற்கு மாற்றிவிடுவது என்று குடும்பத்தில் தீர்மானமாயிற்று. தீர்மானத்துக்கு எல்லோரும், வேலைக்கு நான்.

பெங்களூரில் இந்த மாதிரிக் காரியங்களுக்கு ஒரே க்ஷேத்திரம் எஸ்.பி. ரோடு. முழுப்பெயர் சாதர் பத்ரப்பா சாலை என்பது அங்கே கடை வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. டவுன்ஹாலிலிருந்து நடந்தே போய்விடலாம். நான் நுழைந்த கடையில் முதலாளி இந்தியில் கணக்குப் பார்த்தார். பையன் கன்னடத்தில் பேரம் பேசினான், என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினான்.

இரண்டு பக்கமும் யுஎஸ்பி முனை உள்ள கேபிள் ஒன்று கேட்டேன்.

“ரெண்டு லாப்டாப்புக்கு நடுவுல மாட்டவா? வேணாம் சார், தரமாட்டேன்.”

காரணம் நியாயமானது. பரோடாவில் படித்து இன்டெல்லுக்குப் போன அஜய் பட்டும் அவர் சகாக்களும் 1996இல் யுஎஸ்பியை வெளியிட்டபோது, ஒரு முனையில் கம்ப்யூட்டர், மறு முனையில் அதற்குக் கீழ்ப்படியும் கருவி என்றுதான் வைத்தார்கள். கம்ப்யூட்டர் கேட்கும், மௌஸோ பிரின்டரோ பதில் சொல்லும். இரண்டு கம்ப்யூட்டர்களை நேராகக் கோத்தால், கல்யாணப் பந்தியில் இரண்டு சம்பந்திகளை எதிரெதிரே உட்கார வைத்த மாதிரி. இரண்டுமே பரிமாறக் காத்திருக்கும், இரண்டுமே 5 வோல்ட் மின்சாரத்தை எதிராளியின் மேல் தள்ளும். நடுவில் ஒரு சிப் வைத்த கேபிள் உண்டு, அது தரகர். பையனிடம் அது இல்லை.

“ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டித் தரட்டுமா?” என்றான். அப்பாவின் லாப்டாப்பை யாரும் திறப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கடைசியில் ஒரு சாதாரண ஈதர்நெட் கேபிளும், புது லாப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது என்பதால் அதற்கொரு அடாப்டரும் வாங்கி வந்தேன். முன்பு இதற்கு உள்ளே கம்பிகளை மாற்றிக் கோத்த தனிக் கேபிள் வேண்டும். இப்போது துளைகளே யார் பேசுவது, யார் கேட்பது என்று தெரிந்துகொண்டு மாற்றிக்கொள்கின்றன.

வேலை எளிதுதான், சில முட்டுக்கட்டைகளோடு. கேபிளை மாட்டியதும் இரண்டு இயந்திரங்களும் தங்களுக்குத் தாங்களே 169.254 என்று தொடங்கும் ஒரு விலாசத்தை வைத்துக்கொள்கின்றன. பழையதில் ஃபோல்டரைப் பகிரச் சொல்ல வேண்டும். அப்பா பாஸ்வேர்ட் வைத்ததில்லை. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை விண்டோஸ் கேபிள் வழியே உள்ளே விடாது. இது புரிவதற்கே எனக்கு ஒரு மாலை போயிற்று. அப்பாவின் கணக்குக்கு அம்மாவின் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்தேன், கதவு திறந்தது.

மொத்தம் 140 ஜிகாபைட், பெரும்பாலும் பேரன் பேத்திகளின் படங்கள். பழைய லாப்டாப்பின் துளை விநாடிக்கு 100 மெகாபிட் வகை. நடைமுறையில் 11 மெகாபைட்டுக்கு மேல் போகாது. மூன்றரை மணி நேரம். அதன் பழைய வைஃபையை நம்பியிருந்தால் ஒரு நாள் பிடித்திருக்கும். 1.44 மெகாபைட் ஃப்ளாப்பிகளை அடுக்கிவைத்துக்கொண்டு, ஏழாவதில் கோளாறு என்று திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியவர்களுக்கு இதெல்லாம் தேவலோகம்.

மறுநாள் காலையில் அப்பாவின் கடிதங்களைத் திறந்தேன்.

அப்பா தூரவாணி நகரில் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு கை நடுங்க ஆரம்பித்ததால், கும்பகோணத்தில் இருந்த பெரியப்பாவுக்குக் கடிதங்களை 1999 முதல் கம்ப்யூட்டரில் அடித்து, அச்செடுத்து, தபாலில் சேர்ப்பார். 212 கடிதங்கள். பெரியப்பா வீட்டில் இருந்த பிரதிகளைக் கரையான் அரித்துவிட்டது. ஆக, இருப்பது இது ஒன்றுதான்.

திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பக்கம் பக்கமாக. பாதி வழியில் கேபிள் கடித்துத் துப்பிவிட்டது என்றே நினைத்தேன். கேபிளும் கையுமாக எஸ்.பி. ரோடுக்குத் திரும்பப் போனேன்.

“கேபிள் தப்பு பண்ணாது சார். வந்தா முழுசா வரும், இல்லேன்னா வராது. ஃபான்ட்டைக் கொண்டுபோனீங்களா?”

கொண்டுபோகவில்லை. அப்பா அடித்தது பாமினி எழுத்துருவில். ஸ்ரீராமபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைக்காரர் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தது. அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் கம்ப்யூட்டரை ஏமாற்றியவை. உள்ளே பதிவாவது ஆங்கில எம். அதற்கு மேல் ‘அ’ என்று வேஷம் போட்டிருக்கும். கேயும் அரைப்புள்ளியும் சேர்ந்தால் ‘ம்’. வேஷக்காரன் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறான், கடிதங்கள் இருக்கும் ஃபோல்டரில் இல்லை. நான் கடிதங்களை மட்டும் பல்லக்கில் ஏற்றி வந்திருக்கிறேன்.

ஒரு வேஷம் என்றாலும் பரவாயில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டை ஏற்றது. இணையத்தில் இருந்தவர்கள் டிஸ்கி என்றார்கள், புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழர்கள் பாமினியை விடவில்லை. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழக அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் தமிழர்கள் கம்ப்யூட்டரில் எழுதியதில் பெரும்பகுதி இப்படி வேஷத்தோடுதான் கிடக்கிறது. சங்க மலர்கள், அலுவலகக் கோப்புகள், அச்சுக்குப் போகாத நாவல்கள். கீல் உடைந்த லாப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளும்போது எத்தனை வீடுகளில் இது நடக்கிறதோ! நானே அடுத்த ஞாயிறு அதைக் கொடுப்பதாக இருந்தேன்.

தலையணையை வைத்து மறுபடி நிமிர்த்தினேன். பாமினி ஃபான்ட்டின் அளவு ஒரு புகைப்படத்தை விடச் சிறியது. கேபிளில் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. பிறகு சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.ஹெச்.எம். கன்வர்ட்டரில் கடிதங்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றினேன். அப்பா நடுநடுவே ஆங்கிலத்தில் அடித்த பென்ஷன் விலாசங்களையும் மருந்துப் பெயர்களையும் அது விசுவாசமாகப் பிதற்றல் தமிழாக்கிவிடும். அவற்றை மூலத்தைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும். ஒரு கடிதத்துக்குப் பத்து நிமிடம்.

திருத்துகிற சாக்கில் படிக்கவும் நேர்ந்தது. 2000 ஆகஸ்ட் கடிதம். நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்று சில நாட்கள் ஆகியிருந்தன. பெரியப்பா ஊரிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறார் போல. இப்போது வர வேண்டாம், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், பக்கத்து வீட்டு கௌடா தினமும் வந்து விசாரித்துப் போகிறார், பஸ்ஸில் மட்டும் தமிழ் பேசுவதில்லை என்று அப்பா பதில் போட்டிருக்கிறார். அந்த நாட்களில் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். பஸ்ஸில் அவர் பேசாமல் வந்ததை அசதி என்று நினைத்திருந்தேன்.

209 கடிதங்கள் தேறிவிட்டன. மூன்று மட்டும் பாமினியில் இல்லை. வேறு ஏதோ எழுத்துரு, பழைய லாப்டாப்பிலும் இல்லை. முதலில் இருந்த டெஸ்க்டாப்பில் இருந்திருக்கும். அதை 2010இல் நான்தான் பழைய சாமான்காரருக்குப் போட்டேன், முன்னூறு ரூபாய்க்கு.