பிச்சாவரத்தில் எங்கள் வாவி

ஆசிரியருக்கு,

சிதம்பரத்தில் என் படிப்பு முடிய இன்னும் மூன்று கிழமைதான். வந்த புதிதில் நான் ரொட்டியை எங்கள் ஊர் வழக்கில் 'பாண்' என்று கேட்டபோது விளங்காமல் நின்ற கடைக்காரர், இப்போது என்னைக் கண்டதும் "பாண் வேணுமா தம்பி?" என்கிறார்.

போன ஞாயிறு பிச்சாவரத்தில் படகேறினேன். கண்டல் வேர்களிடையே துடுப்புச் சத்தம் கேட்க, இலங்கையில் எங்கள் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலம் நினைவில் வந்து கண் கலங்கிவிட்டது. முழுநிலவில் அங்கே மீன் பாடும் என்றேன். படகோட்டி அண்ணன் துடுப்பை நிறுத்திக் கேட்டார்.

எங்கள் மண்ணுக்கும் சிதம்பரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1931இல் இங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர், காரைதீவில் பிறந்த எங்கள் சுவாமி விபுலாநந்தர். என்னோடு படித்த பலருக்கு அது தெரியவில்லை. அவருடைய சிதம்பர நாட்களைப் பற்றி நீங்கள் கட்டுரை வெளியிட வேண்டும். ஊருக்கு ஒரு பிரதி கொண்டுபோக ஆசை.

கல்லடி மாணவன்,
சிதம்பரம்