போதும் என்றால் போதும்

பிரேஸில் நாட்டு ஸாவோ பாலோ நகரில், 'ஷுராஸ்கரியா' என்கிற இறைச்சி ஓட்டலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். தலைக்கு இவ்வளவு என்று பணம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். தென்கோடி ரியோ கிராண்டே டோ ஸுல் மாநிலத்து மாடு மேய்ப்பவர்களிடமிருந்து வந்த சமையல் இது. கல் உப்பு தடவித் தணலில் சுட்ட இறைச்சியை நீளக் கம்பியோடு கொண்டு வந்து, தட்டில் சீவிப் போடுகிறார்கள். தொட்டுக்கொள்ள வறுத்த மரவள்ளி மாவு.

ஆளுக்கொரு வட்ட அட்டை. பச்சைப் பக்கம் மேலே இருந்தால் 'கொண்டு வா'. சிவப்பு என்றால் 'போதும்'.

என் ஆறு வயது மகள் கொஞ்சம் கோழியும் சோறும் சாப்பிட்டுவிட்டு, சிவப்பைத் திருப்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "காசு கொடுத்தாச்சேடி, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு கண்ணு" என்று பச்சையாக்கினேன். மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. ராத்திரி அத்தனையும் வாந்தி!

"நான்தான் போதும்னு திருப்பினேனேம்மா!" என்றாள். சுருக்கென்றது.

வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதற்குள் பெரியவர்கள் நாம் அள்ளிப் போட்டுக்கொள்கிறோம். குழந்தைக்கோ தன் வயிற்றின் கணக்கு தெரிகிறது. வற்புறுத்தி வற்புறுத்தி நாம்தான் மறக்கடிக்கிறோம்.

என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பதைக் குழந்தை சொல்லட்டும். எடை ஏறாமல் சோர்ந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போதெல்லாம் அவள் 'சிவப்பு' என்றால் தட்டை எடுத்துவிடுகிறேன். மீந்த இரண்டு வாயை, வீணாகிறதே என்று நான் விழுங்குவதுமில்லை!