ஆடுகிறவர்களின் கேள்வி

2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். மென்பொருளை வைத்துப் புழங்குகிறவருக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் திருத்தவும் உரிமை உண்டு என்பது அவர் கட்சி. 1990லேயே டெக்னோபார்க்கைத் தொடங்கி மென்பொருள் நிறுவனங்களை அழைத்த ஊர் இந்தக் கட்சிக்கும் இடம் கொடுத்தது. சில ஆண்டுகளில் கேரளப் பள்ளிகளின் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது.

ரோல் பிளேயிங் கேம் ரசிகர்கள் இன்று செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பற்றிக் கொள்ளும் சந்தேகத்தை நான் இந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்கிறேன். அவர்களும் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். 2025 டிசம்பரில், 'பால்டர்ஸ் கேட் 3' தந்த லாரியன் நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் வின்கே, அடுத்த ஆட்டத்தின் ஆரம்பகட்ட யோசனைகளுக்கு ஏஐ பயன்படுகிறது என்றார். ரசிகர்கள் கொதித்தார்கள். அதே மாதம், 'கிளேர் ஓப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' தயாரிப்பில் ஏஐ பயன்பட்டதைக் காரணம் காட்டி, இண்டி கேம் அவார்ட்ஸ் தான் கொடுத்த விருதுகளைத் திரும்பப் பெற்றது.

தொழிலில் உள்ள பலர் இதைப் புதுமைக்கு அஞ்சும் குணம் என்று தள்ளிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. ரசிகர்கள் சூடு கண்டவர்கள். 'ஒப்ளிவியன்' ஆட்டத்தில் ஊர்மக்கள் தாமாகவே முடிவெடுத்து வாழ்வார்கள் என்று 2005இல் 'ரேடியன்ட் ஏஐ' என்ற பெயரில் அதன் தயாரிப்பாளர்கள் காட்டினார்கள். 2006இல் ஆட்டம் கைக்கு வந்தபோது, காட்டிய அளவுக்கு உயிர் அந்த ஊர்மக்களிடம் இல்லை.

இப்போதைய வாக்குறுதி இன்னும் பெரிது. எழுதிவைத்த வசனமே வேண்டாம், பாத்திரம் சமயத்துக்கு ஏற்பத் தானே பேசும் என்கிறார்கள். சமயத்துக்கு ஏற்பப் படைப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைத் திருவனந்தபுரம் கேரளத்தின் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தில் பார்த்திருக்கிறது. கைலாசத்தைக் காணும் ராவணனாக நடிப்பவர் விளக்கின் முன் நின்று, மலையின் அடிவாரத்திலிருந்து பார்வையை மெல்ல மேலே ஏற்றுகிறார். மிழாவு என்ற முழவின் தாளம் அந்தக் கண்ணைப் பின்தொடர்கிறது. சில வரிச் சுலோகம் நெடுநேரம் விரிகிறது. ஆனால் அந்த விரிவுக்குப் பின்னால் ஆட்டப்பிரகாரம் என்ற ஏடு இருக்கிறது, பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது, ஒரு குருவின் பெயர் இருக்கிறது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஆட்டம் முடிந்தபின் நடித்தவரிடமே கேட்கலாம். ஏஐ பேசவைக்கும் பாத்திரத்துக்காக அப்படிப் பதில் சொல்ல யாரும் இல்லை. யாருடைய எழுத்தைப் படித்து அது பேசக் கற்றது என்பதையும் பெரும்பாலும் மூடிவைக்கிறார்கள்.

மூடாமலும் செய்யலாம். 2024இல் 'லால் சலாம்' படப் பாடலுக்காக, மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏஐ மூலம் கொண்டுவந்த ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். கேம்களுக்குக் குரல் கொடுக்கும் அமெரிக்க நடிகர்கள் அதே அனுமதிக்காகவும் ஊதியத்துக்காகவும் 2024 ஜூலையிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

ஆட்டத்தில் ஏஐ பயன்பட்டால் தெரிவிக்க வேண்டும் என்று கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் 2024இல் விதி செய்தது. எபிக் நிறுவனத் தலைவர் டிம் ஸ்வீனி அந்த அறிவிப்பில் அர்த்தமில்லை என்கிறார். எனக்கோ அது போதாது. எந்தப் பாத்திரத்தை யார் எழுதினார், எங்கே இயந்திரம் எழுதியது, யாருக்குப் பணம் போனது என்பதெல்லாம் ஒரு பட்டியலாக ஆட்டத்தோடு சேர்ந்தே வரவேண்டும்.

திருவனந்தபுரத்தில் தலைமையகம் கொண்ட, பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் 2024இல் கேரளத்தின் ஏழாம் வகுப்புப் பாடத்தில் ஏஐயைச் சேர்த்தது. முகபாவத்தை அடையாளம் காணும் நிரலை மாணவர்களே அதில் செய்து பார்க்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் இந்தப் பிள்ளைகள் கேம்களைக் காசு கொடுத்து வாங்குவார்கள். சிலர் டெக்னோபார்க்கில் அமர்ந்து அவற்றைச் செய்யவும் கூடும். அதற்குள் அந்தப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.