கல் கேட்கும் கணக்கு



வெளியூர் உறவினர் எவரேனும் உத்திரமேரூருக்கு வந்தால், வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டு மண்டபத்தை அவர்களுக்குக் காட்டுவது இப்பகுதி மக்களின் வழக்கம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்குத் தேர்தல் நடைபெற்றது என்று பெருமையோடு சொல்வோம். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் புது தில்லியில் நாடாளுமன்றப் புதுக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் நம் ஊரின் பெயர் எடுத்துரைக்கப்பட்டது. பெருமை கொள்வது தகும். ஆயினும் அதே சுவரில் குடவோலையோடு சேர்த்து எழுதப்பட்டுள்ள மற்றொரு செய்தியை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அது கணக்கைப் பற்றிய செய்தி. நம் வயல்களில் ஓடும் மோட்டாருக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இம்மாதம் அத்தொடர்பைச் சற்றே சிந்திப்போம்.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், இக்கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். இவ்வாறு தேர்வு பெற்ற 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், எஞ்சிய 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனுடைய பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் மட்டுமன்று, அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். கணக்கு எழுதியவனும் தன் கணக்கை ஒப்படைத்து, அது தூயது என்று ஏற்கப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணியில் அமர இயலும்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அச்சபை பிராமணர் குடியிருப்பின் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட, இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35 முதல் 70 வரையிலான வயதும், வேதக் கல்வியும் உடையோருக்கே அதில் இடம் உண்டு. பெண்களுக்கு இடமில்லை; நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் இடமில்லை. ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. எனவே அம்முறையை அப்படியே மீண்டும் கொணர வேண்டுமென எவரும் விரும்பார். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பொதுச் சொத்தைக் கையாண்டவன் பொதுவில் கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் விதியை.

ஏரிக்கென்று தனி வாரியம் ஏன் வேண்டியிருந்தது? உத்திரமேரூர் ஏரிக்குப் பழைய பெயர் வைரமேக தடாகம். பல்லவ மன்னன் தந்திவர்மனின் சிறப்புப் பெயரால் அது அவ்வாறு அழைக்கப்பட்டது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு நமக்கு இல்லை. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்நீரைத் தேக்கி வைத்தால்தான் பயிர் விளையும். ஏரியைத் தனியொருவன் வெட்டவும் முடியாது, காக்கவும் முடியாது. வரத்துக்கால் அடைபட்டால் நீர் வாராது. கலங்கல் பழுதுற்றால் கரை உடையும். தூர் வாரப்படாவிடில் ஆண்டுதோறும் கொள்ளளவு குறையும். இவற்றுள் எதில் தவறு நேர்ந்தாலும் துன்பம் எல்லாருக்குமே. ஆதலின் தூர் வாருவதற்கென்று அந்நாளிலேயே அறக்கொடைகள் வைக்கப்பட்டன. அவற்றைச் செலவிட்டோர் கணக்கும் காட்ட வேண்டியிருந்தது.

இனி, எஞ்சினுக்கு வருவோம். நம் தாத்தாக்களின் காலத்தில் கிணற்று நீரை இறைக்க ஏற்றமும் கவலையும் இருந்தன. விடியுமுன் ஏற்றத்தின் மீதேறி மிதித்தவர்களின் உழைப்பையும், கவலை இழுத்த மாடுகளின் களைப்பையும் எண்ணிப் பார்த்தால், எஞ்சினைக் குறை கூற எவருக்கும் மனம் வாராது. முதலில் எண்ணெயில் ஓடும் எஞ்சின் வந்தது. பின்னர் மின்சார மோட்டார் வந்தது. இதில் தமிழகத்திற்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1932-இல் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்துடன் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்களும், டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் 1937-இல் இந்திய நாட்டு மின்மோட்டாரை அந்நகரில் உருவாக்கினர். மாடும் மனிதனும் பட்ட பாட்டை ஒரு பொத்தான் தீர்த்தது. அது நன்றியோடு நினைக்கத்தக்க நன்மையே.

ஆனால் அந்நன்மையோடு மற்றொரு மாற்றமும் ஓசையின்றி வந்தது. ஏரி ஊருக்குப் பொது. கிணறும் மோட்டாரும் அவரவர்க்குச் சொந்தம். தன் கிணற்றில் நீர் இருக்கும்வரை வரத்துக்கால் அடைபட்டதைப் பற்றி ஒருவர் கவலைகொள்ள வேண்டியதில்லை என்றாயிற்று. அவர் மறந்தது ஒன்றே ஒன்று: கிணற்றுக்குள் ஊறிய நீர் பெரும்பாலும் ஏரியிலிருந்து கசிந்து வந்த நீரே.

இம்மறதியின் விலையை இயந்திரமே நமக்குச் சொல்லிக் காட்டியது. தரைமேல் வைக்கப்படும் பம்பு நீரை உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுவதால், கணக்கின்படி சுமார் 10 மீட்டருக்கு மேல் எந்தப் பம்பாலும் உறிஞ்ச இயலாது. நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டரே. கிணற்று நீர் அதற்குக் கீழே இறங்கியபோது, மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினோம். மேலும் இறங்கியபோது ஆழ்துளைக் கிணறு தோண்டி, நீருக்குள்ளேயே மூழ்கி நின்று நீரை மேலே தள்ளும் மோட்டாரை இறக்கினோம். 60 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு குடம் நீரை ஏற்றுவதற்கு, 10 மீட்டரிலிருந்து ஏற்றுவதைப் போல் ஆறு மடங்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலுக்கு ஒருவர் விலை கொடுத்தே ஆக வேண்டும்.

தமிழக அரசு 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரத்தை இலவசமாக்கிற்று. அதனால் கடனிலிருந்து தப்பிய குடும்பங்கள் பல. அதனை இகழ்வது நன்றன்று. எனினும் கட்டணம் இல்லாதபோது பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரும் இல்லாமற்போயிற்று. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் செலவாகும். எத்தனை மணி நேரம் ஓடிற்று, எவ்வளவு நீர் வந்தது என்பதைக் குறித்து வைப்பவர் அரிதிலும் அரிது. ஆழமாகத் தோண்டப் பணமுள்ளவர் நீர் பெறுகிறார். பக்கத்து நிலத்துச் சிறு விவசாயியின் கிணறு வற்றுகிறது. கிணறே இல்லாத கூலித் தொழிலாளியின் வீட்டுப் பெண் குடத்தோடு தொலைவு நடக்கிறாள். கணக்கில்லாத இடத்தில் முதலில் இழப்பவர் எளியவரே.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மாநகராகிய உரோமைக்குத் தொலைவிலிருந்து நீர் கொணர்ந்த கல் கால்வாய்களின் சிதைவுகளை இன்றும் காணலாம். கி.பி. 97-இல் அந்நகரின் நீர் மேற்பார்வையாளராக ஃபிரான்டினஸ் என்பவர் அமர்த்தப்பட்டார். அப்போது அங்கே ஒன்பது கால்வாய்கள் இருந்தன. அவர் முதலில் செய்த வேலை புதுக் கால்வாய் கட்டுவதன்று. ஒவ்வொரு கால்வாயிலும் எவ்வளவு நீர் புறப்படுகிறது, எவ்வளவு வந்து சேர்கிறது என்று கணக்கெடுத்தார். முத்திரையில்லாத குழாய்களையும், தெருவுக்கடியில் களவாகத் துளையிட்டு நீர் எடுப்பதையும் கண்டுபிடித்து நூலாக எழுதி வைத்தார். உரோமையின் கல்லும் உத்திரமேரூரின் கல்லும் ஒரே பாடத்தையே புகட்டுகின்றன.

இந்தப் பாடத்தை நம் இளைஞர்கள் நன்கு அறிவார்கள் என்பது எனக்கு நம்பிக்கை தரும் செய்தி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நம் குடும்பப் பிள்ளைகள் பலர் கம்பெனிப் பேருந்தில் ஏறி, இத்தகைய ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே ஷிப்டு முடிந்ததும் எத்தனை பாகங்கள் செய்தோம், எத்தனை பழுதாயின என்று எழுதி, அடுத்தவரிடம் ஒப்படைத்த பின்னரே வெளியேற முடியும். ஒரு திருகாணிக்குக் கணக்கு உண்டு. அந்தப் பிள்ளைகளே ஊருக்குத் திரும்பியதும், ஊர் ஏரிக்குக் கணக்கில்லை என்பதைக் கண்டு வியப்படைய வேண்டாவா?

தொழிற்சாலை நமக்கு வாழ்வு தருகிறது. ஆனால் அது இடம் பெயரக்கூடியது. கார்த் தொழிலால் உலகப் புகழ் பெற்ற அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950-இல் ஏறத்தாழ 18 லட்சத்து 50 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். 2020-இல் 6 லட்சத்து 40 ஆயிரம் பேரே இருந்தனர். நமக்கு அண்மையில் உள்ள மறைமலை நகரிலும் ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022-இல் நின்றது. ஏரி அவ்வாறு எழுந்து வேறூருக்குப் போகாது. நாம் கைவிட்டால்தான் அது அழியும்.

நாம் செய்யக்கூடியது என்ன? குடவோலை அன்று சிலருக்கே உரியதாயிருந்தது. இன்றைய கிராமசபையிலோ வாக்காளர் அனைவருக்கும் இடமுண்டு. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் நம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கப்பட்டது. அது போன்ற பணிகள் நம் ஊரில் நடந்திருந்தால், எவ்வளவு மண் எடுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று, வரத்துக்காலில் ஆக்கிரமிப்பு உண்டா என்று பணிவோடு, ஆனால் அச்சமின்றிக் கேட்கலாம். கேட்பதற்கு முன், நம் வீட்டுக் கணக்கையும் தொடங்கலாம். மோட்டார் ஓடிய மணி நேரத்தையும், மாதந்தோறும் கிணற்றின் நீர்மட்டத்தையும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். ஓராண்டு எழுதினால், எந்த மாதத்தில் நீர் இறங்கிற்று, ஏரி நிறைந்தபோது எவ்வளவு ஏறிற்று என்பது உங்களுக்கே தெளிவாகும்.

அடுத்த முறை விருந்தினரை அம்மண்டபத்திற்கு அழைத்துச் செல்லும்போது, குடவோலையால் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த செய்தியோடு, கணக்குக் காட்டாதவரை அவர்கள் விலக்கி வைத்த செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பின்னர் அவர்களை ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.